நேற்று ஊற்றிய கான்கிரீட்டை நம்பிய 51 பேர்



பி.காம் படிக்கிறவனுக்குக் கட்டடச் சாரத்தைப் பற்றி என்ன கவலை என்று கேட்காதீர்கள். கடைசிவரை படியுங்கள், இதில் கணக்கும் இருக்கிறது.

வீடு கட்டும்போது சாரம் எங்கே நிற்கும்? தரையில். கம்பு ஊன்றி, கயிறு கட்டி, பலகை போட்டு மேலே ஏறுவார்கள். ஆனால் அனல்மின் நிலையத்தின் கூலிங் டவர் இருக்கிறதே, இடுப்பு சிறுத்த ராட்சதக் குழாய் மாதிரி, அது 100 மீட்டருக்கு மேல் போகும். அதற்குத் தரையிலிருந்து சாரம் கட்டினால் கட்டுப்படியாகாது. அதனால் சாரத்தைக் கோபுரத்தின் சுவரிலேயே மாட்டிவிடுகிற முறை ஒன்று உண்டு. கீழே ஊற்றிய கான்கிரீட் இறுகியதும் அதில் போல்ட் போட்டு சாரத்தை ஏற்றுவார்கள். அதன் மேல் நின்று அடுத்த அடுக்கை ஊற்றுவார்கள். கோபுரம் வளர வளர சாரமும் கூடவே ஏறும்.

"இறுகியதும்" என்று சொன்னேன் பாருங்கள், எல்லாமே அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம், ஒஹையோ ஆற்றங்கரையில் வில்லோ ஐலண்ட் என்ற ஊர். அங்கே ஓர் அனல்மின் நிலையத்துக்காக இரண்டாவது கூலிங் டவர் எழும்பிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு அடுக்கு, 5 அடி. 1978 ஏப்ரல் 27 காலையில் 29-வது அடுக்கை ஊற்றத் தொடங்கினார்கள். சாரத்தைத் தாங்கிய 28-வது அடுக்கு முந்தின நாள் ஊற்றியது. இரவு நல்ல குளிர் வேறு. குளிரில் சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து இறுகுகிற வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

காலை பத்து மணிக்குச் சற்றுப் பின், கான்கிரீட் வாளியை மேலே இழுத்துக்கொண்டிருந்தபோது 28-வது அடுக்கு விட்டுக்கொடுத்தது. சுவரின் உச்சி பழத்தோல் மாதிரி உரிந்து, சாரத்தோடும் ஆட்களோடும் கோபுரத்தின் உள்ளே விழுந்தது. உயரம் 166 அடி. சாரத்திலிருந்து இறங்க ஒரே ஓர் ஏணிதான். சாரத்தில் இருந்த 51 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்களும் உண்டு.

அமெரிக்க தேசியத் தரநிர்ணயக் கழகம் விசாரித்தது. கான்கிரீட் போதுமான பலம் பெறுவதற்கு முன்பே அதன் மேல் பாரம் ஏற்றியதுதான் காரணம் என்றது. ஒரு மாதிரித் துண்டைச் சோதித்துவிட்டு, பலம் வந்ததும் ஏறியிருந்தால் போதும். அன்று வேலை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான்!

அபராதம் கடைசியில் 85,500 டாலரில் சமரசமாக முடிந்தது. 51-ஆல் வகுத்துப் பாருங்கள், ஓர் உயிருக்கு 1,700 டாலர்கூட வரவில்லை. கிரிமினல் வழக்கும் இல்லை.

சரி, உலகம் பாடம் படித்ததா? 38 வருடம் கழித்து, 2016 நவம்பர் 24. சீனாவின் ஜியாங்ஸி மாகாணம், ஃபெங்செங் மின் நிலையம். அதே மாதிரி கூலிங் டவர், அதே குளிரான காலை, அதே இறுகாத கான்கிரீட், அதே அவசரம். அச்சுப் பலகையைச் சீக்கிரம் கழற்றிவிட்டார்கள். 73 பேர் இறந்தார்கள்.

இரண்டு இடத்திலும் கான்கிரீட் யாரையும் ஏமாற்றவில்லை. அது தன் நேரத்தைக் கேட்டது, மனிதர்கள் கொடுக்கவில்லை.

எங்கள் பாடத்தில் தாமதத்துக்குக் கணக்கு உண்டு. வட்டி, கூலி, ஒப்பந்த அபராதம் என்று எல்லாவற்றையும் பற்று எழுதிவிடலாம். ஆனால் ஒரு நாள் பொறுத்திருந்ததால் நடக்காமல் போன விபத்தை எந்தப் பேரேட்டில் வரவு வைப்பது? அதற்கு ஒரு பத்தி இல்லாததால்தான், காத்திருப்பது எப்போதும் நஷ்டமாகவே தெரிகிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சொல்லுங்கள்.