மனையும் மன்றமும்: சீயமங்கலம் தொடங்கிச் செஞ்சி வரை



நினைவுப் பேருரை என்றால் இலக்கியம் சார்ந்த தலைப்பை எடுப்பதே நம் வழக்கம். இம்முறை வீட்டுமனையை எடுத்துக்கொண்டோம். ஒரு சேரியில் யார் எங்கே வீடு கட்டலாம் என்பதை யார் முடிவு செய்தார்கள், இன்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதே கேள்வி. கவிதைக்கும் கதைக்கும் இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். தலித் தன்வரலாறுகளில் பெரும்பாலானவை ஊருக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்துதான் தொடங்குகின்றன. அந்தத் தூரம் தானாக உண்டானதல்ல.

செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில் இருக்கிறது சீயமங்கலம். நிர்வாகக் கணக்கில் அது வந்தவாசி வட்டம், திருவண்ணாமலை மாவட்டம். சந்தைக்கும் பேருந்துக்கும் செஞ்சிப் பக்கம் வருகிறவர்கள் உண்டு. அங்கே மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த கோயில் ஒன்று இருக்கிறது. லளிதாங்குரன் என்னும் பட்டம் கொண்ட அரசன் செய்வித்தது, அவனிபாஜன பல்லவேசுவரம் என்பது பெயர் என்று தூணில் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். இதே அரசன் மண்டகப்பட்டில் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் கடவுளுக்கு வீடு கட்டியதாகப் பெருமைப்பட்டுக்கொண்டான். செங்கல்லும் சுதையும் இல்லாத வீடு அந்த நாளில் உழைக்கிறவர்களுக்குப் புதுமையாக இருந்திருக்காது. பாறையைக் குடைந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு அந்தத் தூணில் ஒரு வரியும் இல்லை.

ஆனால் பிற்காலக் கல்வெட்டுகளில் குடியிருப்பைப் பற்றிய செய்திகள் நிறையவே உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த ஊர்களின் கணக்கைப் பாருங்கள். வரி இல்லாத நிலங்களை ஊர் ஊராக வரிசைப்படுத்தும்போது ஊர்நத்தம் ஓர் இனமாகவும், பறைச்சேரி இன்னோர் இனமாகவும், கம்மாணச்சேரி வேறோர் இனமாகவும் வருகின்றன. சில ஊர்களுக்குத் தீண்டாச்சேரி என்றே எழுதியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசாங்கப் பதிவு இது. சேரி ஊரின் விளிம்பில் தற்செயலாக முளைத்தது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம். வருவாய்ப் பதிவிலேயே சேரிக்குத் தனிப் பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது.

இன்னொரு கல்வெட்டைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலை விதிகள். உலகத்துக்கே ஜனநாயகத்தைக் கற்றுக்கொடுத்தோம் என்று மேடைகளில் இதைத்தான் காட்டுகிறார்கள். உறுப்பினராவதற்கான தகுதிகளை மட்டும் யாரும் நிறுத்திப் படிப்பதில்லை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல், 70-க்குக் கீழ். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வேதப் புலமை கூடினால் நிலத்தின் அளவில் சலுகை உண்டு. அது பிரம்மதேய ஊர், அந்தச் சபை பிராமணர்களின் சபை, எனவே இதில் வியப்பில்லை என்று சொல்லலாம். எங்கள் கவனம் இரண்டாவது தகுதியில் நிற்கிறது. சொந்த மனை இல்லாதவன் மன்றத்தில் உட்கார முடியாது. மன்றத்தில் இல்லாதவனுக்கு மனை கிடைக்காது. இந்த வளையத்தை உடைப்பதற்கு நம் முன்னோர்களுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிடித்தன.

ஆங்கிலேயர் காலத்தில் இந்த வளையத்துக்கு மிராசு என்று பெயர். செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதினார். பஞ்சமி நிலம் என்றதும் எல்லோரும் நினைவுகூரும் குறிப்பு அது. அதன் பயனாக 1892-ல் பிறந்த அரசாணை, ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்க வழிசெய்தது. முதல் பத்தாண்டுகளுக்கு அந்த நிலத்தை யாருக்கும் மாற்றக் கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. பயிர் நிலத்தைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு, அந்தக் குறிப்பிலிருந்த மனைப் பிரச்சினையைப் பேசவில்லை. சேரி மனையின் மீது மிராசுதார் உரிமை கொண்டாடினார். கூலி கேட்டால், தரிசுக்கு மனு போட்டால், வேறு பண்ணைக்குப் போனால், குடிசையைக் காலி செய் என்றார். ஏரைவிடச் சவுக்கைவிட மலிவான ஆயுதம் இது. டிரெமென்ஹீருக்கு இது புரிந்தது. மேலே இருந்த வருவாய் அதிகாரிகள் பலர் மிராசுதாரின் சொத்துரிமையில் கைவைக்கத் தயங்கினார்கள். நிலம் தருவது எளிதாகவும் குடிசை நிற்கும் மண்ணைத் தருவது கடினமாகவும் இருந்தது என்பது விசித்திரமாகத் தோன்றலாம். நிலம் தரிசு, மனை ஆளைக் கட்டிப்போடும் கயிறு. அதனால்தான்.

1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் துறை வந்த பிறகே மனைகளை அரசு கையகப்படுத்தித் தரும் வேலை ஓரளவு நடந்தது. அப்போதும் பல இடங்களில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மனைக்கான பணத்தைத் தவணை தவணையாகச் சேரி மக்களே கட்டினார்கள். தலைமுறைகளாகக் குடியிருந்த மண்ணுக்கு விலை கொடுத்தவர்களுக்கு 'இலவசம் வாங்குகிறவர்கள்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டுகளில் எம்.சி. ராஜாவும் ரெட்டமலை சீனிவாசனும் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார்கள். பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாவற்றிலும் எவரும் புழங்கலாம் என்று 1924-ல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை உரிமைப் போராட்டமாகப் படிக்கிறோம். ஊரமைப்பு வரலாறாகவும் படிக்க வேண்டும். தெரு பொதுவானால்தான் மனைக்கு வழி உண்டு.

விடுதலைக்குப் பிந்தைய சட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கும் சட்டம். 1971-ல் குடியிருப்பு உரிமை வழங்கும் சட்டம்; அடுத்தவர் நிலத்தில் குடியிருந்த விவசாயக் கூலிகளுக்கும் கைவினைஞர்களுக்கும் அந்த மனையையே சொந்தமாக்கியது. 1978-ல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் தனிச் சட்டம். அதே 1978 ஜூலையில்தான் விழுப்புரத்தில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டுக்கும் காரண காரிய உறவு இருந்ததாகச் சொல்லவில்லை. தென்னார்க்காட்டில் அந்த ஆண்டை நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைக்கிறார்கள்.

1978-ம் ஆண்டுச் சட்டத்தை நில உடைமையாளர்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1994-ல் காப்பாற்றியது. இழப்பீட்டைத் தவணையில் தரலாம் என்ற பகுதியை மட்டும் தள்ளியது. சேரிக்காரர்கள் தங்கள் மனைக்குத் தவணை கட்டலாம், நிலக்காரருக்குத் தவணையில் பணம் வரக் கூடாது. சட்டப்படி சரியாகவே இருக்கலாம், வரலாறு படிப்பவர்கள் கண்ணில் படாமல் போகாது. அந்த வழக்குகள் நடந்த காலத்தில் பட்டா கையிலும் மனை கோர்ட்டிலுமாக எத்தனையோ குடும்பங்கள் கிடந்தன. தாசில்தார் பட்டாவைக் கொடுத்துவிட்டுப் போவார், அளந்து கல் போட ஆள் வராது. செஞ்சி வட்டாரத்தில் கூட்டம் போட்டால், மடித்து மடித்துக் கிழிந்த அப்படிப்பட்ட பட்டாவோடு இன்றும் யாராவது ஒருவர் வந்து நிற்கிறார். 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் பஞ்சமி நிலம் கேட்டுத் திரண்டவர்கள் மீது காவல் துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். காரணைப் போராட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

அதே 1994-ல்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தது. வளையம் முதன்முறையாக உடைந்தது அங்கேதான். சொந்த மனை இல்லாதவரும் தலைவராகலாம்; தனி ஊராட்சிகளில் அவரே தலைவராக வேண்டும். கிராம ஊராட்சியில் தலைவர்தான் செயல் அலுவலர். வீட்டு வரைபட அனுமதி அவர் கையெழுத்தில் வருகிறது. தொகுப்பு வீட்டுக்குப் பயனாளிகளைக் கிராம சபை உறுதி செய்கிறது. மனைப்பிரிவு போடுகிறவர் சாலையை ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த அதிகாரம் சிறியதென்றால் மேலவளவில் முருகேசனையும் உடன் இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டியிருக்க மாட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலை நடக்கவிடாமல் செய்திருக்க மாட்டார்கள். பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த கடலூர் மாவட்டத்திலேயே, தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரான ஒரு தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020-ல் நாடெங்கும் பரவியது. ரத்தம் சிந்தாத முறைகளும் உண்டு. ஊராட்சிக் காசோலையில் துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். அவர் ஊர்ப் பக்கத்தவராக இருந்து பேனாவை எடுக்க மறுத்தால் காலனிச் சாலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

அமெரிக்காவில் 1930-களில் நகர வரைபடங்களில் கறுப்பர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, அங்கே வீட்டுக் கடன் ஆபத்து என்று குறித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் 1950-ல் எந்த இனம் எங்கே வாழலாம் என்று சட்டமே போட்டார்கள். நம் ஊரில் வண்ணமும் சட்டமும் தேவைப்படவில்லை. ஊர் நத்தம், சேரி நத்தம் என்று நில அளவை வரைபடத்திலேயே பிரிந்து கிடந்தது. சேரி நத்தம் பல இடங்களில் ஏரிக்கும் வாய்க்காலுக்கும் அருகில் தாழ்வான இடத்தில் அமைந்ததால், நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ம் ஆண்டுச் சட்டம் வந்தபோது முதலில் நோட்டீஸ் வாங்கியவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். ஏரியைக் காப்பது வேண்டியதுதான். அந்த இடத்துக்கு அவர்களைத் தள்ளியது யார் என்ற கேள்வி நோட்டீசில் இருக்காது.

இதோடு இன்னொன்றை ஒப்பிடுங்கள். விளைநிலத்தில் அனுமதியின்றிப் போட்ட மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அடுத்த ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனை என்றால் கட்டணம் செலுத்திச் சரிசெய்துகொள்ளலாம். மனை வியாபாரியின் தவறுக்கு ஓராண்டுக்குள் வழி பிறந்தது. காலனிகளில் அப்பா பெயரில் இருக்கும் ஒரே மனையில் மூன்று மகன்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு உட்பிரிவு இல்லை, தனிப் பட்டா இல்லை. பட்டா இல்லாதவர் வரைபட அனுமதி கேட்க முடியாது. கடன் கேட்க முடியாது. 2024 முதல் சிறிய வீடுகளுக்குச் சுயசான்று அடிப்படையில் இணையத்திலேயே அனுமதி பெறலாம் என்கிறார்கள். அங்கேயும் முதலில் கேட்பது நில ஆவணம்.

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று நினைக்கும் மாணவர்கள் மேட்டுப்பாளையம் நடூரை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில், ஒரு தனியாரின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்துக் குடியிருப்பின் மீது விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் தலித்துகள். உத்தப்புரத்துச் சுவர் சாதிச் சுவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2008-ல் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். நடூரில் நின்றது சாதாரண மதில் என்றே கோப்புகளில் இருக்கும். ஒரு சுவரின் உயரத்தை யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்பதற்குப் பெயர்தான் கட்டட அனுமதி.

'காலனி' என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கிறோம். சேரி காலனியானபோதும் இப்படித்தான் வரவேற்றார்கள். பெயர்ப்பலகையோடு சேர்த்து நத்தம் பதிவேட்டையும் திறந்தால் வரவேற்பு இன்னும் கூடும்.

கடைசியாக, இந்த வட்டாரத்தில் வந்துகொண்டிருக்கும் ஒன்று. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியர் கோட்டைகளின் தொகுப்பில் ஒன்றாக, யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதியோடு மட்டும் என்பது 2010 முதலே மத்தியச் சட்டம். கோட்டைக்கும் குடைவரைக்கும் பொருந்தும் விதி இது. பழுதுபார்க்கவும் விண்ணப்பம் வேண்டும். சுற்றுலா பெருகும், விடுதிகள் வரும், நில விலை ஏறும். விடுதிக்காரருக்கு விண்ணப்பம் எழுத ஆள் உண்டு. எல்லைக்குள் அகப்பட்ட தொகுப்பு வீட்டுக்காரருக்குத் தன் வீடு எந்த மீட்டரில் நிற்கிறது என்பதே தெரியாது. செஞ்சி பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை இல்லை. வார்டு கவுன்சிலரையும் செயல் அலுவலரையும் எழுத்தில் கேட்க வேண்டும். சுற்றியுள்ள ஊராட்சிகளில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. எல்லை வரைபடத்தையும் அதற்குள் வரும் குடியிருப்புகளின் பட்டியலையும் சபையில் வைக்கச் சொல்லுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, எழுதியதை வாசிக்கச் சொல்லி, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். கூட்டம் ஊருக்குள் கோயில் வாசலில் என்றால், பொது இடத்தில் வையுங்கள் என்று முதல் நாளே மனுக் கொடுத்துவிட்டுப் போங்கள்.