குலைவும் பரப்பும்: கொங்கு நாட்டு மலைக்காடுகளின் இயக்கம் குறித்து

ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையே பெறும் கோயம்புத்தூர்ச் சமவெளிக்குத் தெற்கே, தமிழகத்தின் மிகு மழை இடங்களுள் ஒன்றான சின்னக்கல்லாறு ஆனைமலையில் அமைந்திருக்கிறது. இந்த மழை வேறுபாட்டையும் மலை உயரத்தையும் கொண்டே முட்புதர்க்காடு, இலையுதிர்காடு, மழைக்காடு, சோலைப் புல்வெளி என்னும் வகைகள் வழக்கமாக விளக்கப்படுகின்றன. ஆயினும் ஒரே மழையும் ஒரே உயரமும் உடைய சரிவிலும் காடு திட்டுத்திட்டாக வேறுபடுவதை இவ்விளக்கம் தெளிவாக்குவதில்லை. அவ்வேறுபாட்டை உருவாக்குபவை மரச்சாய்வு, தீ, மண்சரிவு, உறைபனி முதலிய இயற்கைக் குலைவுகளே. ஒரு காடு குலைவிலிருந்து மீள்வதைப் பெரிதும் தீர்மானிப்பது குலைவின் கடுமை மட்டுமன்று, குலைந்த பரப்புக்கும் அதைச் சூழ்ந்துள்ள காட்டின் பரப்புக்கும் உள்ள விகிதமும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

குலைவு என்பது உயிர்க்கூட்டத்தின் கட்டமைப்பைக் கலைத்து, இடம், ஒளி, ஊட்டம் ஆகியவற்றின் இருப்பை மாற்றும் நிகழ்வாகும். 1985இல் பிக்கெட், ஒயிட் ஆகியோர் தொகுத்த நூல் இக்கருத்தை முறைப்படுத்தியது. குலைவை அதன் பரப்பு, கடுமை, மீண்டும் நிகழும் கால இடைவெளி ஆகிய மூன்றாலும் ஒருசேர அளக்க வேண்டும். ஒன்றைக் கொண்டு மட்டும் மதிப்பிட்டால் முடிவு பிழைபடும்.

மிகச் சிறிய அளவில், ஆனைமலை மழைக்காட்டில் ஒரு முதுமரம் சாயும்போது மேற்கவிகையில் ஒரு திறப்பு உண்டாகிறது. நெடுங்காலம் நிழலில் காத்திருந்த வெடிப்பலா போன்ற மரங்களின் கன்றுகள் அத்திறப்பின் ஒளியால் உயர்கின்றன. திறப்பு பெரிதானால் வெயில் விரும்பும் வட்டக்கண்ணி முந்திக்கொள்கிறது. இவ்வாறு காட்டின் ஒவ்வொரு திட்டும் வெவ்வேறு வயதில் நிற்பதால், தனித்தனி இடங்கள் மாறிக்கொண்டே இருந்தும் முழுக்காடு ஏறத்தாழ நிலையாகத் தோன்றுகிறது.

இடைநிலை அளவில் வறண்ட இலையுதிர்காட்டின் தீ முதன்மை பெறுகிறது. முதுமலையில் 1988 முதல் இந்திய அறிவியல் நிறுவனத்தார் கணக்கெடுத்துவரும் 50 எக்டேர் ஆய்வுத்திடலில், தீயாலும் யானை மேய்ச்சலாலும் தொடக்க ஆண்டுகளில் சிறு தண்டுகள் பெருமளவு குறைந்தன. தடித்த பட்டையுடைய பெருமரங்களோ பெரும்பாலும் தப்பின. வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்பும் இம்மரங்களுள் பலவற்றுக்கு உண்டு. ஒரு சிறு மூலையை ஓராண்டு மட்டும் நோக்குபவர் இதை அழிவென்பார்; முழுத்திடலைப் பல பத்தாண்டுகள் நோக்குபவர் இதை ஏற்றத்தாழ்வுடைய இயக்கமாகக் காண்பார்.

நிலத்தோற்ற அளவில் குலைவின் வரலாறு மேலும் நீள்கிறது. நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியதைப் போன்ற நிகழ்வுகள் சரிவுகளை அடிமண்ணோடு பெயர்க்க வல்லவை. மேல்மண்ணும் விதைகளும் போய்விட்ட அவ்விடத்தில் மீட்சி மிக மெதுவாகவே நிகழும். மேட்டுநிலப் புல்வெளியில் குளிர்கால உறைபனி சோலை மரங்களின் நாற்றுகளைக் கருக்குகிறது. உறைபனியையும் தீயையும் தாங்கும் காட்டுப்பூவரசு மட்டும் அங்கங்கே தனித்து நிற்கிறது. சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட நீலகிரிக் கரிச்சதுப்பு ஆய்வு, கடைசிப் பனியுகத்தின் வறண்ட காலத்தில் புல்வெளி விரிந்திருந்ததைக் கார்பன் ஓரிடத்தான்களைக் கொண்டு காட்டியது. எனவே அப்புல்வெளியை மனிதர் காட்டை அழித்ததால் உண்டான வெற்றிடமாகக் கருதி, அங்கே சீகையையும் கற்பூர மரத்தையும் நட்டது, ஒரு தொன்மையான வாழிடத்தையே குறைத்துவிட்டது.

குலைந்த பரப்புக்கும் சூழ்ந்த காட்டுக்கும் உள்ள விகிதத்தின் முதன்மையை வேற்று நாட்டு நிகழ்வொன்றும் உணர்த்துகிறது. 1988இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தீயின் எல்லைக்குள் சிக்கியபோதும், கடுமையாக எரிந்த திட்டுகளும் எரியாத திட்டுகளும் கலந்து நின்றதால் மீட்சிக்கான விதைமூலங்கள் எஞ்சின. 1978இலேயே பிக்கெட்டும் தாம்சனும் முன்வைத்த 'குறைந்தபட்ச இயக்கப் பரப்பு' என்னும் கருத்து, குலைவுகளைத் தன்னுள் தாங்கி மீளத் தேவையான அளவு காப்பகம் விரிந்திருக்க வேண்டும் என்கிறது. தேயிலைத் தோட்டங்களிடையே சிதறிய வால்பாறையின் மழைக்காட்டுத் துணுக்குகளுக்கு இவ்வளவுகோலைப் பொருத்தினால் ஆபத்து விளங்கும்: பெருங்காட்டில் சிறு திறப்பாக முடியும் ஒரு சூறைக்காற்று, சில எக்டேர்த் துணுக்கின் பெரும்பகுதியைத் திறந்துவிடும், விதை கொணரும் அண்டைக்காடு இல்லாத அவ்விடத்தை உண்ணிச்செடி போன்ற அயல் புதர்கள் பற்றிக்கொள்ளும்.

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் மலையேறச் சென்றோர் பலரின் உயிரைப் பறித்த தீயைச் சுட்டி, தீ எதையுமே அனுமதிக்கலாகாது எனச் சிலர் வாதிடலாம். இந்தியக் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதரால் மூட்டப்படுவது என்பதால் இக்கவலை முற்றிலும் நியாயமானது. மனித உயிரைக் காப்பதில் சமரசத்துக்கும் இடமில்லை. ஆயினும் தீக்கு இடமே கூடாத மழைக்காட்டையும் தீயோடு தகவமைந்த இலையுதிர்காட்டையும் ஒரே விதியால் ஆள்வது அறிவியலுக்கு ஒவ்வாது. தீ எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, எந்தப் பருவத்தில், எவ்வளவு பரப்பில் வருகிறது என்பதைக் காட்டுவகைதோறும் பதிவுசெய்து, அதற்கேற்பத் தடுப்புக் கோடுகளையும் புதர் அகற்றலையும் திட்டமிடுவதே தகும்.

2013இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளோடு தொடர்ந்திருப்பது யானையின் வழித்தடத்துக்காக மட்டும் போற்றத்தக்கதன்று. ஒரு பகுதி எரிந்தாலும் சரிந்தாலும் அதை மீட்டுத்தரும் விதையும் விலங்கும் மறுபகுதியில் இருப்பதற்கு அத்தொடர்ச்சியே உறுதி அளிக்கிறது. ஆகவே கொங்கு நாட்டுக் காடுகளைக் காப்பது என்பது குலைவுகள் அனைத்தையும் தடுப்பதன்று. அவற்றைத் தாங்கி மீளும் அளவுக்குக் காட்டின் பரப்பையும் இணைப்பையும் சுருங்கவிடாமல் காப்பதாகும்.