மேப்பிள் பாகுக் கலன்கள்: காய்ச்சும் கலையும் கழுவும் கலையும்

வட அமெரிக்காவின் வடகிழக்கில், குறிப்பாகக் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும், இரவில் உறைபனியும் பகலில் இளவெப்பமும் மாறிமாறி வரும் சில வாரங்களில், சர்க்கரை மேப்பிள் மரங்களில் துளையிட்டுச் சாறு வடிக்கப்படுகிறது. தெளிந்த அச்சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ளது. பாகில் அது 66 விழுக்காட்டை எட்ட வேண்டுமாதலால், 1 லிட்டர் பாகுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் சாறு தேவைப்படுகிறது. ஆகவே இத்தொழிலின் வரலாறு, பெருமளவு நீரைக் குறைந்த விறகில் விரைந்து ஆவியாக்க முயன்றோரின் வரலாறாகும். அம்முயற்சி முன்னேறிய ஒவ்வொரு கட்டத்திலும் கலனைத் தூய்மையாகக் காக்கும் பொறுப்பும் கூடியது.

இத்தொழிலைத் தொடங்கியவர்கள் அனிஷினாபே, அபெனாக்கி முதலிய தொல்குடியினர். பூர்ச்ச மரப்பட்டைக் கலங்களில் சாற்றைச் சேர்த்து, சூடேற்றிய கற்களை இட்டுக் கொதிக்கவைத்தும், இரவில் உறைந்த பனிக்கட்டியை அகற்றியும் அவர்கள் அதைச் செறிவாக்கினர். ஐரோப்பியரின் வணிகத்தால் இரும்பு, செம்புக் கொப்பரைகள் வந்தபின், வரிசையாகத் தொங்கவிட்ட கொப்பரைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சாற்றை மாற்றிக் காய்ச்சும் முறை பரவியது. எனினும் உருண்ட அடிப்பாகத்தில் தீ படும் பரப்புக் குறைவாக இருந்ததால், விறகும் நேரமும் மிகுதியாகச் செலவாயின.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தட்டையான தகரத் தட்டுகள் கொப்பரையின் இடத்தைப் பிடித்தன. ஒஹையோவைச் சேர்ந்த டி. எம். குக் 1858-இல் காப்புரிமை பெற்ற ஆவியாக்கித் தட்டில், தடுப்புகளுக்கிடையே வளைந்து வளைந்து ஓடும் சாறு ஒரு முனையில் நீர்த்ததாக நுழைந்து மறுமுனையில் கெட்டியாக வெளிவந்தது. 1872-இல் இரண்டு தட்டுகளும் உலோக அடுப்பும் இணைந்த அமைப்பு உருவானது. 1889 அளவில் தட்டின் அடித்தகடு ஆழ்ந்த மடிப்புகளாக வளைக்கப்பட்டதனால் தீ தழுவும் பரப்புப் பன்மடங்காயிற்று.

மடிப்பு மிகுந்த தட்டில் அழுக்குத் தங்கும் இடமும் மிகுந்தது. சாறு செறிவடையும்போது அதிலுள்ள கால்சியமும் மாலிக் அமிலமும் சேர்ந்து உப்பாகப் படிகின்றன. ‘சர்க்கரை மணல்’ எனப்படும் இப்படிவு வெப்பம் சாற்றை அடைவதைத் தடுக்க, அடித்தகடு மிகையாகச் சூடேறிப் பாகு கருகுகிறது. இதைத் தவிர்க்கத் தொழிலாளர் சாறு நுழையும் பக்கத்தை அவ்வப்போது மாற்றினர். பாகு இறங்கிய பக்கத்தில் நீர்த்த சாறு பாயவே, அங்குள்ள படிவு கரையத் தொடங்கியது. பருவ இறுதியில் எஞ்சிய சாற்றைத் தட்டிலேயே புளிக்கவிட்டு, அதில் பிறக்கும் அமிலத்தால் படிவை நெகிழ்த்தினர். வினிகரும் இதற்கே பயன்பட்டது. மடிப்புகளின் அடியில் ஒட்டும் கரியைச் சுரண்டி எடுப்பதும், பொங்கும் நுரையை அடக்கத் துளி வெண்ணெய் இடுவதும், சாற்றின் மட்டம் தாழாமல் காப்பதும் அன்றாடக் கடமைகளாயின.

பழைய கலன்களின் இணைப்புகளில் காரீயம் கலந்த பற்றாசு இருந்ததும், அது சாற்றில் கலக்கும் என்பது உணரப்பட்டதும், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் பற்றாசின்றிப் பற்றவைத்த துருப்பிடிக்காத எஃகுக் கலன்களுக்குத் தொழிலைத் திருப்பின. 1970களில் வந்த எதிர்ச் சவ்வூடுபரவல் முறை, நுண்சவ்வின் வழியே சாற்றை அழுத்தி, கொதிக்கும் முன்பே பெரும்பகுதி நீரைப் பிரித்தது; அந்த நீரே இன்று சவ்வையும் தட்டையும் கழுவ உதவுகிறது. காப்புரிமைகள் காய்ச்சும் வேகத்தைக் கூட்டியவர்களின் பெயர்களைக் காத்துவைத்துள்ளன. ஆனால் அவ்வேகத்தால் பாகின் சுவை கெடாமல் காத்தவர்கள், கலன்களைக் கழுவிய பெயரறியாத உழைப்பாளிகளே. அவர்களின் அறிவுக்கும் இத்தொழிலின் வரலாற்றில் சமமான இடம் உண்டு.