இந்திய உள்நாட்டு விமானச் சேவையில் நிறுவன இணைப்புகள் (1953–2024): ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இந்திய விமானத்துறை 1953, 2007–08, 2021–24 ஆகிய மூன்று காலங்களில் பெரும் நிறுவன இணைப்புகளைக் கண்டது. மூன்றுக்கும் நட்டமே பின்புலமாக அமைந்தது. இணைப்பு மட்டும் அந்நட்டத்தைத் தீர்த்ததில்லை என்பதையும், செலவைக் கட்டுப்படுத்திய நிறுவனமே நிலைபெற்றது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: விமானத்துறை, நாட்டுடைமை, குறைந்த கட்டணச் சேவை, நிறுவன இணைப்பு, உடான் திட்டம்

முன்னுரை

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு அஞ்சல் விமானத்தை ஓட்டிவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அன்று இத்தொழில் பயணிகளை விட அஞ்சலையே நம்பித் தொடங்கியது. பயணிகளின் கட்டணத்தைக் கொண்டே இதனை நடத்த இயலுமா என்னும் வினா பின்னர் எழுந்தது. அவ்வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் தரப்பட்ட விடைகளாகவே நிறுவன இணைப்புகளைக் கருத வேண்டும்.

சட்டத்தால் நிகழ்ந்த இணைப்பு

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் படைக்குத் தேவைப்படாத டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அவற்றை வாங்கிப் பல நிறுவனங்கள் தோன்றின. அத்தனை பேரையும் தாங்கும் அளவுக்குப் பயணிகள் இல்லை. 1950இல் அமைந்த நீதியரசர் ராஜாத்யட்சா குழு, நிறுவனங்களின் எண்ணிக்கை மிகுந்துவிட்டதைச் சுட்டியது. டாட்டாவின் எதிர்ப்பையும் மீறி 1953இல் விமானக் கழகங்கள் சட்டம் நிறைவேறியது. எட்டு உள்நாட்டு நிறுவனங்கள் இந்தியன் ஏர்லைன்ஸ் என்னும் ஒரே கழகமாயின. வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவிடம் சென்றது. போட்டி நீங்கியதால் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய தேவையும் நீங்கிற்று. விமானப் பயணம் அதிகாரிகளுக்கும் செல்வர்களுக்கும் உரியதாகவே நெடுங்காலம் நீடித்தது.

1994இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. புதிதாக வந்த தனியார் நிறுவனங்களுள் பல சில ஆண்டுகளிலேயே மறைந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. 1995இல் தமானியா நிறுவனத்தை வாங்கியது. 1997இல் இரண்டுமே பறக்கவில்லை. நட்டத்தில் உள்ள ஒன்று நட்டத்தில் உள்ள மற்றொன்றை வாங்குவது தீர்வாகாது என்பதற்கு இது முதற்சான்று.

குறைந்த கட்டணத்தின் வருகை

2003 ஆகஸ்டில் கேப்டன் ஜி.ஆர். கோபிநாத் பெங்களூரைத் தளமாகக் கொண்டு ஏர் டெக்கானைத் தொடங்கினார். 'சூரரைப் போற்று' (2020) திரைப்படத்தின் வழியாகத் தமிழ் மக்கள் அறிந்த கதையின் மூலம் இவரது வாழ்க்கையே. சிறு ஏ.டி.ஆர். விமானங்கள், இலவச உணவின்மை, இணையவழிச் சீட்டு விற்பனை ஆகியவற்றால் செலவு குறைந்தது. சிறு நகரங்கள் வான்வழியில் இணைந்தன. 80க்கும் குறைவான இருக்கைகளைக் கொண்ட விமானங்களுக்குத் தரையிறங்கு கட்டணம் இல்லை என்னும் சலுகையும் இதற்குத் துணைநின்றது. எனினும் சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கு விற்ற இந்நிறுவனம் பயணிகளைப் பெருக்கிய வேகத்தில் வருவாயைப் பெருக்கவில்லை.

உரிமைக்காக நிகழ்ந்த இணைப்பு

2007ஆம் ஆண்டு மூன்று இணைப்புகளுக்கு வித்திட்டது. ஜெட் ஏர்வேஸ் 1,450 கோடி ரூபாய்க்குச் சகாராவை வாங்கியது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்சும் ஒன்றாயின. கிங்ஃபிஷர் ஏர் டெக்கானின் பங்குகளை வாங்கி, மறு ஆண்டில் அதனைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

மூன்றாவது இணைப்பின் உள்நோக்கம் கவனத்திற்குரியது. ஐந்தாண்டுகள் உள்நாட்டில் பறந்து, 20 விமானங்களையும் வைத்திருக்கும் நிறுவனமே வெளிநாடு செல்லலாம் என்பது அன்றைய விதி. 2005இல் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு அந்த வயது இல்லை. ஏர் டெக்கானுக்கு 2008 ஆகஸ்டில் அது நிறைவடைந்தது. அடுத்த மாதமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. ஆடம்பரச் சேவையும் மலிவுச் சேவையும் ஒரே நிறுவனத்தில் ஒன்றையொன்று கெடுத்தன. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது. லாபமே காணாத கிங்ஃபிஷர் 2012இல் நின்றது. ஜெட் 2019 ஏப்ரல் 17 அன்று இறுதியாகப் பறந்தது.

அரசு நிறுவனங்களின் இணைப்பும் பெயரளவிலேயே நின்றது. போயிங், ஏர்பஸ் என இருவேறு விமானத் தொகுதிகளும் இருவேறு ஊதிய முறைகளும் தொடர்ந்தன. ஊதியங்களைச் சீராக்க நீதியரசர் தர்மாதிகாரி குழு அமைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே 111 விமானங்களுக்கான கொள்முதல் கடன் சுமையாக ஏறியிருந்தது. 2012இல் ஏறத்தாழ 30,000 கோடி ரூபாய் அரசு முதலீட்டுக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அது மக்களின் வரிப்பணம்.

இணையாமல் வளர்ந்த நிறுவனம்

இக்காலத்தில் எவரையும் வாங்காமல் வளர்ந்தது இண்டிகோ. பறக்கத் தொடங்கும் முன்பே, 2005இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆணை அளித்து விலைச்சலுகை பெற்றது. வாங்கிய விமானத்தை விற்று, அதையே குத்தகைக்கு எடுத்தது, முதலீடு முடங்கவில்லை. ஏறத்தாழ பத்தாண்டுகள் ஏ320 என்னும் ஒரே வகையை மட்டும் இயக்கியதால் விமானிகளின் பயிற்சிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் ஆகும் செலவு மட்டுப்பட்டது. தரையில் நிற்கும் நேரம் குறைந்ததால் ஒவ்வொரு விமானமும் நாள்தோறும் கூடுதலாகப் பறந்தது.

மூன்றாம் இணைப்பும் சிறு நகரங்களும்

2021இல் டாட்டா குழுமம் 18,000 கோடி ரூபாய் மதிப்பில் ஏர் இந்தியாவைப் பெற்றது. அதில் 15,300 கோடி ரூபாய், ஏற்றுக்கொண்ட கடன். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. இதற்கிடையே, என்ஜின்கள் கிடைக்காமையைக் காரணம் காட்டி 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட் நொடிப்பு நடவடிக்கையை நாடியது. இன்று உள்நாட்டுப் பயணிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் இரு குழுமங்களின் விமானங்களிலேயே செல்கின்றனர்.

இதன் விளைவைச் சேலம் விமான நிலையத்தில் காணலாம். 2009இல் கிங்ஃபிஷர் தொடங்கிய சென்னைச் சேவை நிலைக்கவில்லை. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் வந்தது. அதுவும் 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. ஓடுபாதை அப்படியே இருந்தும், நிறுவனம் வீழ்ந்தபோதெல்லாம் ஊர் வான்வழித் தொடர்பை இழந்தது.

முடிவுரை

1953இன் இணைப்பு போட்டியை அகற்றியது. 2007–08இன் இணைப்புகள் உரிமையையும் அளவையும் தேடின. அண்மைய இணைப்பு கடனிலிருந்து மீளும் முயற்சியாகும். முதலிரண்டும் செலவின் மூலத்தைத் தொடவில்லை. இன்றும் விமான எரிபொருள் சரக்கு சேவை வரிக்கு வெளியே நிற்கிறது. மாநிலந்தோறும் அதன் வரி வேறுபடுகிறது. இச்சுமை குறையாதவரை புதிய நிறுவனங்கள் நிலைப்பது அரிது. அவை நிலைக்காவிடில் கட்டணத்தையும் வழித்தடத்தையும் இரு குழுமங்களே முடிவுசெய்யும். நட்டத்தின் விலையை முன்னர் அரசுக் கருவூலம் செலுத்தியது. இனி அதனைப் பயணியும் சிறு நகரமும் செலுத்த நேரிடலாம் என்பதே இவ்வரலாறு விடுக்கும் எச்சரிக்கை.