றொபேட் என்னும் பெயர்: தோற்றமும் தாங்கியோரும்

மக்களுக்கு இடப்படும் பெயர்கள் ஒருவரை மற்றொருவரினின்றும் பிரித்தறிதற்கு உதவும் குறிகள் மாத்திரம் அல்ல. ஓரினத்தார் எவற்றை உயர்ந்தனவாகக் கருதினர், தம் மக்கள் எவ்வாறு வாழ்தல் வேண்டுமென விரும்பினர் என்பனவற்றைப் பெயர்கள் தம்முள் அடக்கி வைத்துள்ளன. நெடுஞ்செழியன், நலங்கிள்ளி, புகழேந்தி முதலிய பெயர்களை நோக்குவார்க்கு இவ்வுண்மை எளிதிற் புலனாகும். தமிழர்க்கு மாத்திரமன்றி உலகின் பிற இனத்தார்க்கும் இது பொருந்தும். ஐரோப்பாவிற் பிறந்து, கடல் கடந்து, இலங்கையினதும் தமிழகத்தினதும் வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் 'றொபேட்' என்னும் பெயர் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

இப்பெயர் திருகோணமலை மாவட்டத்தார்க்குப் புதியதன்று. தோப்பூர், மூதூர், கிளிவெட்டி முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட கொட்டியாரப் பற்றின் கடற்கரையிலேதான், 1660ஆம் ஆண்டில், றொபேட் என்னும் பெயர் தாங்கிய தந்தையும் மைந்தனும் சிறைப்பட்டனர். அம்மைந்தன் பின்னர் எழுதிய நூல் இலங்கையை ஐரோப்பியர்க்கு அறிமுகஞ் செய்த நூல்களுள் தலைசிறந்தது. ஆதலின் இப்பெயரின் பொருளையும், அதனைத் தாங்கியோர் அப்பொருளுக்கு எவ்வளவு ஏற்புடையராய் வாழ்ந்தனர் என்பதையும் ஆராய்தல் பயனுடைத்து.

முதற்கண் சொல்லின் தோற்றத்தை நோக்குவாம். றொபேட் என்பது செருமானியக் குழுவைச் சேர்ந்த பெயர். பண்டைச் செருமானியர் இரு சொற்களை இணைத்துப் பெயரிடும் வழக்கினர். 'ஹ்றோட்' என்பது புகழ் எனவும், 'பெர்ஹ்ட்' என்பது ஒளி பொருந்திய எனவும் பொருள்படும். இவ்விரண்டும் கூடிப் 'புகழால் ஒளிர்பவன்' என்னும் பொருளைத் தந்தன. முதற் சொல்லே றொலண்ட், றொஜர், றுடோல்ப் என்னும் பெயர்களிலும் உள்ளது. இரண்டாஞ் சொல் அல்பேட், ஹேபேட், கில்பேட் என்னும் பெயர்களின் ஈற்றில் நிற்கின்றது. றூபேட், றுப்றெக்ட் என்பன றொபேட் என்னும் அதே பெயரின் வேறு வடிவங்களாம். இத்தாலியரும் இசுப்பானியரும் போர்த்துக்கேயரும் இதனை றொபேட்டோ என வழங்குவர்.

மொழிநூலார் இதனினும் ஆழமானதோர் உறவைக் காட்டுவர். 'ஹ்றோட்' என்பதற்கு மூலமான வேரும், வடமொழியிற் 'கீர்த்தி' என்னும் சொல்லுக்கு மூலமான வேரும் ஒன்றே என்பது அவர் கருத்து. அவ்வாறே 'பெர்ஹ்ட்' என்பது, ஒளிர்தலைக் குறிக்கும் 'பிராஜ்' என்னும் வடமொழி வேரோடு தொடர்புடையது என்பர். தமிழர் நாவிற் பன்னூறாண்டுகளாகப் பயின்று வரும் கீர்த்தி என்னும் சொல்லுக்கு வடகடலோரத்துச் செருமானியரின் பெயரொன்று உறவாகின்றமை வியத்தற்குரியது. தமிழிலோ இவ்விரு கருத்துக்களும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. திருக்குறளில் 'ஒளி' என்னும் சொல் புகழ் என்னும் பொருளிலும் ஆளப்பட்டிருத்தலைக் கற்றோர் அறிவர். செருமானியர் இரு சொற்களால் உணர்த்தியதை வள்ளுவர் ஒரு சொல்லால் உணர்த்தினார்.

இப்பெயர் ஐரோப்பாவிற் பரவிய வரலாறு அரசர்களின் வரலாற்றோடு பிணைந்தது. 866இல் வடமானியரை எதிர்த்துப் போர்செய்து மாண்ட 'வலிய றொபேட்' என்பானின் வழித்தோன்றல்களே பிற்காலத்திற் பிரான்சிய அரசுக் கட்டிலை நெடுங்காலம் வகித்தனர். பிரான்சில் வாழ்ந்து பிரெஞ்சு மொழியைத் தமதாக்கிக்கொண்ட நோமன்றியர் 1066இல் இங்கிலாந்தை வென்றபோது இப்பெயரும் அவருடன் அந்நாடு புகுந்தது. வெற்றி வேந்தனாகிய வில்லியத்தின் தந்தையும் றொபேட். மூத்த மைந்தனும் றொபேட். ஆயின், அம்மூத்த மைந்தன் தம்பியாகிய முதலாம் ஹென்றியால் 1106இல் தோற்கடிக்கப்பட்டு, 1134இல் இறக்குமளவும் இருபத்தெட்டு ஆண்டுகள் சிறையிற் கிடந்தான். பெயரோ புகழொளி, வாழ்வோ சிறையிருள்.

இசுக்கொத்துலாந்திற் பெயருக்குப் பெருமை தேடித் தந்தவன் றொபேட் புறூஸ். 1314இற் பனொக்பேண் களத்தில் ஆங்கிலப் பெரும்படையை முறியடித்துத் தன் நாட்டின் உரிமையை நிலைநாட்டிய இவன் இசுக்கொத்தியரின் தேசிய வீரனானான். 1390இல் அந்நாட்டு அரியணை ஏறிய ஒருவன், ஜோன் என்னும் தன் இயற்பெயர் அரசர்க்கு ஆகாத பெயரெனக் கருதி அதனை விடுத்து, மூன்றாம் றொபேட் எனப் பெயர் பூண்டான் என்பது, இப்பெயர் அந்நாட்டில் எய்தியிருந்த மதிப்பைக் காட்டும். பொதுமக்களிடையேயும் இப்பெயர் பொப், றொபின், ஹொப் எனக் குறுகி வழங்கிற்று. றொபின்சன், றொபேட்சன், ஹொப்சன் முதலிய குடிப்பெயர்களும் இதிலிருந்து கிளைத்தன.

இப்பெயர் தமிழ்நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாம். இத்தாலிய உயர்குடியில் 1577இற் பிறந்த றொபேட்டோ தெ நொபிலி 1606இல் மதுரையை அடைந்தார். தமிழையும் வடமொழியையும் கற்று, காவியுடுத்து, புலாலுணவை நீக்கி, இந்நாட்டுத் துறவிகளைப் போல வாழ்ந்து தம் சமயத்தைப் போதித்தார். சமயக் கொள்கைகளை விளக்குதற்கு அவர் இயற்றிய ஞானோபதேசம் முதலிய நூல்கள் தமிழ் உரைநடை வளர்ச்சியிற் குறிப்பிடத்தக்க இடம் பெறுவன. அவருடைய சமயக் கொள்கையை ஏலாதாரும் அவருடைய மொழிப் பயிற்சியை மறுத்தல் இயலாது. இறுதிக் காலத்தில் யாழ்ப்பாணத்திலுஞ் சிறிது காலம் தங்கியிருந்து, 1656இல் மயிலாப்பூரிற் காலமானார். தமிழர் அவரை றொபேட்டோ என அழைத்திலர். தத்துவபோதகர் என்றே அழைத்தனர். தம் பெயரைத் துறந்தவர் அப்பெயரின் பொருளாகிய புகழை எய்தினார்.

நொபிலி மறைந்து ஏறத்தாழ நான்காண்டுகளில், அப்பெயரே கொட்டியாரக் கரையிலும் ஒலித்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் 1659 நவம்பரில் எழுந்த புயலாற் பாய்மரத்தை இழந்து, அதனைச் செப்பனிடுதற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை நாடி வந்தது. மகாவலி கங்கை கடலொடு கலக்கும் அக்குடா மரமும் நன்னீரும் காற்றொதுக்கும் உடையது. கப்பலின் தலைவர் றொபேட் நொக்ஸ். உடன் வந்த மைந்தர் பெயரும் றொபேட் நொக்ஸ். மைந்தர்க்கு அப்பொழுது அகவை பத்தொன்பது. அந்நியர் வருகையை ஐயுற்ற கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கன், தன் பிரதானி ஒருவனைப் படையுடன் அனுப்பினான். 1660 ஏப்ரல் 4ஆம் நாள், கரையிற் புளியமரத்தடியிலிருந்த தலைவரும் பிறருஞ் சிறைபிடிக்கப்பட்டனர். சிறைப்பட்டோர் தொகை பதினாறு. மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்னும் பெயர் வழங்கி வருவது இந்நிகழ்ச்சியை நினைவூட்டும்.

இராசசிங்கனின் செயலை வெறுங் கொடுமை எனத் தள்ளிவிடுதல் வரலாற்று நோக்காகாது. போர்த்துக்கேயரை ஓட்டுதற்கு ஒல்லாந்தரைத் துணைக்கழைத்து, ஈற்றில் ஒல்லாந்தரிடமே கரையோரத்தை இழந்தவன் அவன். துறைமுகத்தில் நங்கூரமிடும் ஒவ்வொரு கப்பலும் அவனுக்கு மற்றொரு படையெடுப்பின் முன்னறிவிப்பாகவே தோன்றியிருத்தல் கூடும். எனினும், அரசியலின் விலையைச் செலுத்தியோர் ஏதுமறியா மாலுமிகள். அவர்கள் உள்நாட்டுக் கிராமங்களில் தனித்தனியே குடியமர்த்தப்பட்டனர், ஊரார் உணவளித்தனர். தந்தையும் மைந்தருங் காய்ச்சலால் வருந்தினர். 1661 பெப்ரவரியில் தந்தை உயிர்நீத்தார். தாமும் நோயால் மெலிந்திருந்த மைந்தர், தந்தையின் உடலை அடக்கஞ் செய்தற்கே பெரிதும் இடர்ப்பட்டார்.

அதன்பின் அவர் தளர்ந்திலர். தொப்பி பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். பண்டங்களைச் சுமந்து ஊரூராக வாணிகஞ் செய்தார். கொழும்பு போர்த்துக்கேயரின் கையினின்றும் நீங்கிய காலத்தில் ஒருவரிடம் அகப்பட்டிருந்த ஆங்கில வேதநூலொன்றைத் தொப்பி ஒன்றைக் கொடுத்துப் பெற்றுக்கொண்டார். அந்நாட்டு மொழியைப் பேசக் கற்றார். உழவு, உணவு, நீதி, மணம், விலங்கு, மரம், அரசன் இயல்பு ஆகிய யாவற்றையும் உற்றுநோக்கினார். 1679 அக்டோபரில், ஸ்ரீபன் றட்லண்ட் என்னும் தோழருடன் அநுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, ஆற்றுவழியே நடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். சிறையிருப்பு பத்தொன்பதரை ஆண்டுகள் நீடித்தது. சிறைப்பட்டபோதிருந்த அகவையினும் சிறையிற் கழித்த காலம் மிகுதி.

1680இல் இலண்டன் மீண்ட நொக்ஸின் நூல் 1681இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை வழங்கியவரும் ஒரு றொபேட்டே. நுணுக்குக்காட்டியின் வாயிலாகத் தக்கையை ஆராய்ந்து, உயிரியலிற் 'கலம்' என்னும் கருத்துக்கு அடிகோலிய றொபேட் ஹூக் என்னும் அறிஞரே அவர். அந்நூற்றாண்டு முடிவதற்குள் இந்நூல் செருமன், ஒல்லாந்தம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்டது. ஈழத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர்க்கும் இது இன்றியமையாதது. வடபகுதியிற் கண்டியரசனுக்கோ ஒல்லாந்தருக்கோ முற்றாக அடங்காத கைலாய வன்னியனின் நாட்டை நொக்ஸ் தம் நூலிலும் தேசப்படத்திலும் குறித்துள்ளார். வன்னிமைகளின் நிலையை அறிதற்குக் கிடைக்கும் பிறநாட்டார் சான்றுகளுள் இதுவொன்று.

1719இல் டானியல் டீபோ வெளியிட்ட புகழ்பெற்ற கதையின் தலைவன் றொபின்சன் குறூசோ, தனித் தீவொன்றில் நெடுங்காலம் சிக்கியிருந்து தன் கைத்திறனால் வாழ்ந்தவன். அக்கதைக்குத் தூண்டுதலாயமைந்த வரலாறுகளுள் நொக்ஸின் வரலாறும் ஒன்றென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். டீபோ நொக்ஸின் நூலை நன்கறிந்தவர் என்பது, 1720இல் வெளிவந்த தம் மற்றொரு கதையில் அதனைச் சுருக்கித் தந்துள்ளமையால் உறுதியாகும். றொபின்சன் என்பது றொபேட்டின் குறுகிய வடிவமாகிய றொபினின் மகன் எனப் பொருள்படுவது. கொட்டியாரக் கரையில் நிகழ்ந்த சிறைபிடிப்பு ஒன்று இங்ஙனம் உலக இலக்கியத்தின் வாயில்வரை சென்றுள்ளது. இதனைக் கொட்டியாரப் பற்று மாணவர் அறிந்திருத்தல் சாலச் சிறந்தது.

இனி, அதிகாரத்தாற் புகழ் தேடிய றொபேட்டுகளையும் நோக்குதல் முறையாகும். 1744இற் சென்னைக்குக் கும்பனியின் எழுத்தராக வந்த றொபேட் கிளைவ், 1751இல் ஆற்காட்டைக் கைப்பற்றி முற்றுகையை எதிர்த்து நின்றமையாற் பெயர்பெற்றார். 1757இற் பிளாசியில் எய்திய வெற்றி வங்காளத்தைக் கும்பனியார்க்கு ஆக்கிற்று. ஆயின், இந்தியாவில் அவர் ஈட்டிய பெருஞ்செல்வமே 1773இல் அவரைத் தம் நாட்டுப் பாராளுமன்றத்தின் விசாரணைக்கு உட்படுத்திற்று. மறு ஆண்டே அவர் இறந்தார். இலங்கையின் தேசாதிபதியாக 1812 முதல் 1820 வரை ஆண்ட சேர் றொபேட் பிறவுன்றிக், 1815இற் கண்டியிராச்சியத்தை ஆங்கிலேயர் வசமாக்கினார். 1817–1818இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி அவராட்சியிற் பெருங் கொடுமையோடு அடக்கப்பட்டது. கிளர்ச்சித் தலைவர்களை அவர் பிரகடனத்தாற் 'துரோகிகள்' என அறிவித்தார். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளின் பின், 2016இல், இலங்கை அரசு அப்பிரகடனத்தைச் செல்லாததாக்கி அத்தலைவர்களைத் தேசிய வீரர்களென அறிவித்தது. ஆணையாற் பிறர்மேற் சுமத்திய இகழ் ஆணையாலேயே நீங்கிற்று.

இவர்களுக்கு மாறாக, அறிவுத்தொண்டால் ஒளிர்ந்த றொபேட்டுகளும் உளர். அயர்லாந்தில் 1814இல் இசுக்கொத்தியப் பெற்றோர்க்குப் பிறந்த றொபேட் கால்டுவெல் ஐயர் 1838இற் சென்னையை அடைந்து, 1841 முதல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் வாழ்ந்தார். 1856இல் அவர் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம், தமிழ் முதலியன வடமொழியினின்றும் வேறான தனிக்குடும்பம் என்பதைச் சான்றுகளோடு விரித்து நிறுவிற்று. இக்கருத்தை 1816இலேயே எல்லிஸ் என்பார் வெளியிட்டிருந்தாராயினும், அதனை உலகம் ஏற்கச் செய்தது கால்டுவெல்லின் உழைப்பே. எனினும், 1849இற் சாணார் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சமூகத்தாரின் உள்ளத்தைப் புண்படுத்திற்று என்பதையும் நடுநிலையாளர் மறத்தலாகாது. 1891இற் கோடைக்கானலிற் காலமான அவரது உடல் இடையன்குடியிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

இசுக்கொத்திய வீரனின் பெயரையே முழுதுந் தாங்கிய றொபேட் புறூஸ் பூட் என்னும் நிலவியலறிஞர், 1863 மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்திற் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். தென்னாட்டில் மனிதன் வாழ்ந்த காலத்தின் எல்லையை எழுத்தும் இலக்கியமும் எட்டாத தொலைவிற்கு அக்கல் பின்னோக்கித் தள்ளிற்று. பெயர்க்கு உரியவன் வாளால் நாட்டை மீட்டான். பெயரைத் தாங்கியவரோ ஒரு கல்லால் ஒரு நாட்டின் பழமையை மீட்டார்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை விளங்கும். 'புகழால் ஒளிர்பவன்' என்னும் பெயர் அனைவர்க்கும் ஒன்றே. ஒளியோ அனைவர்க்கும் ஒன்றன்று. கிளைவும் பிறவுன்றிக்கும் வென்ற நிலங்கள் இன்று அவர் நாட்டார் வசம் இல்லை. நொபிலி எழுதிய உரைநடையும், கால்டுவெல் வகுத்த இலக்கணமும், பூட் கண்ட கல்லும் இன்றும் ஆராய்வார் கையில் உள்ளன. அவருள்ளும் நொக்ஸின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. அவர் ஆட்சியாளராகவோ சமயகுரவராகவோ புலவராகவோ இந்நாட்டுக்கு வந்தாரல்லர், கைதியாயினார். படையும் பொருளும் இழந்தவர்க்கு எஞ்சியிருந்தவை காணுங் கண்ணும் நினைவில் இருத்தும் நெஞ்சுமே. அவற்றைக் கொண்டே அவர் தம் பெயரின் பொருளை மெய்ப்பித்தார்.

அதேவேளை, அவருடன் சிறைப்பட்டு ஊர் மீளாது மடிந்தோரை வரலாறு பெரிதும் மறந்தது. அவர்தம் வாழ்வில் ஓரளவேனும் இன்று அறியக் கிடப்பது அவருள் ஒருவர் எழுதி வைத்தமையாலேயே. கொட்டியாரப் பற்றிலோ அந்நாளில் உழுதும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் தாமே எழுதி வைத்த செய்தி அரிது. அவர் வாழ்வைப் பிறநாட்டுக் கைதியின் கண்கொண்டு காணவேண்டிய நிலை இன்றுளது. தம் ஊர்களின் கோயிற் செய்திகளையும் குளங்களின் பெயர்களையும் முதியோர் கூறும் வரலாறுகளையும் இம்மாவட்டத்து மாணவர் ஏட்டிற் பதிந்து வைப்பாராயின், அடுத்த தலைமுறை அந்நிலையினின்றும் நீங்கும். புகழும் ஒளியும் பெயரில் இல்லை. பொறுமையோடு நோக்கி உண்மையைப் பதிந்து வைக்கும் உழைப்பிலேயே உள்ளன.