நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பிரித்தானிய வேட்டைத் துப்பாக்கிகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றை எழுதப் புகுவோர் பெரிதும் சார்ந்து நிற்பவை குடியேற்றப் பதிவுகள், அரசாங்க அறிக்கைகள், செய்தித்தாள்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியனவாகும். தோட்டத்தில் புழங்கிய பொருள்களையே சான்றாகக் கொண்டு ஆராயும் போக்கு நம்மிடையே இன்னும் போதிய அளவு வளரவில்லை. பால்வெட்டும் கத்தி, பால்வாளி, கோயில் மணி போன்றவற்றை ஆர்வலர் சிலர் திரட்டி வைத்துள்ளனர். ஆயின், துரையின் பங்களாச் சுவரில் தொங்கிய வேட்டைத் துப்பாக்கியை வரலாற்றுச் சான்றாக நோக்கியவர் அரியர். அத்தகைய துப்பாக்கியை எவ்வாறு இனங்காண்பது, அது நெகிரி செம்பிலான் தோட்டச் சமுதாயத்தைப் பற்றி எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டமும் வேட்டையும்

பேராக், சிலாங்கூர், பகாங் ஆகியவற்றோடு நெகிரி செம்பிலானும் சேர்ந்து, 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையின்வழி ஐக்கிய மலாய் மாநிலங்கள் என்னும் அமைப்பு உருவாயிற்று. அக்காலத்தில் இம்மாநிலத்தில் காப்பி பயிரிட்ட நிலங்கள் பின்னர் ரப்பருக்கு மாறின. ரந்தாவ், லாபு, சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் காடு அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் எழுந்தன. காட்டின் விளிம்பில் அமைந்த தோட்டத்தில் இளங்கன்றுகளை மானும் காட்டுப்பன்றியும் அழித்தமையால், துப்பாக்கி அங்கு வேளாண் கருவிகளுள் ஒன்றாகவே கருதப்பட்டது.

அதே துப்பாக்கி துரைமாரின் பொழுதுபோக்குக்கும் பயன்பட்டது. தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் ஐக்கிய மலாய் மாநிலங்களில் யானையையும் செலாடாங் எனப்படும் காட்டெருதையும் வேட்டையாடிய தம் பட்டறிவை 1905இல் நூலாக வெளியிட்டார். வேட்டைக்காரராக அறியப்பட்ட அவரே பிற்காலத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போராடினார். அவர் தயாரித்த மலாயாக் காட்டுயிர் ஆணைக்குழு அறிக்கை 1932இல் வெளிவந்தது. இன்று தாமான் நெகாரா எனப்படும் தேசியப் பூங்கா உருவாவதற்கு அவர்தம் முயற்சி அடிப்படையாயிற்று.

இனங்காணும் முறை

பழைய பிரித்தானியத் துப்பாக்கி ஒன்றைக் காண்பவர் முதலில் படிப்பது குழலின் மேற்பட்டியிலோ விசைப்பகுதியிலோ பொறித்துள்ள பெயரைத்தான். அப்பெயரை அப்படியே செய்தவர் பெயராகக் கொள்ளுதல் பொருந்தாது. லண்டனில் 1871இல் தொடங்கப்பெற்ற 'ஆர்மி அண்ட் நேவி' கூட்டுறவுச் சங்கம் தன் பெயரைப் பொறித்த துப்பாக்கிகளைக் குடியேற்ற நாடுகளின் அதிகாரிகளுக்கு விற்றது. அவற்றுள் பல பர்மிங்காம் பட்டறைகளில் உருவானவை. ஆகவே, பொறித்த பெயர் விற்றவர் பெயராகவும் இருக்கக்கூடும்.

இரண்டாவதாக நோக்கற்பாலது சோதனை முத்திரை. வழக்கத்தினும் மிகுந்த மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, குழல் அதனைத் தாங்கிய பின்னரே முத்திரை குத்துவர். லண்டனில் 1637ஆம் ஆண்டுப் பட்டயம் பெற்ற துப்பாக்கி செய்வோர் சங்கமும், பர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த சோதனை நிலையமும் இப்பணியைச் செய்து வந்தன. இரண்டின் முத்திரைகளும் வேறானவை. 1904ஆம் ஆண்டு விதிகளுக்குப் பின், புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல்களில் லண்டன் நிலையம் வளைவாள் ஏந்திய கவசக் கையைப் பொறித்து, அதன் கீழ் 'என்.பி.' என்னும் எழுத்துகளைக் குத்தியது. ஆயினும், பழைய கரிமருந்துத் துப்பாக்கியைப் பிற்காலத்தில் மறுசோதனைக்கு உட்படுத்துவதும் உண்டு. எனவே, முத்திரை காட்டுவது சோதித்த காலத்தையே. செய்த காலம் அதற்கு முற்பட்டதாகவும் இருக்கலாம்.

மூன்றாவது சான்று குழலின் உள்விட்டமும் அதற்குரிய தோட்டாவும். .303 தோட்டா 1888இல் பிரித்தானியப் படையின் பயன்பாட்டுக்கு வந்தது. பின்னர் வேட்டைக்கும் அதே அளவில் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. படைக்குரியதாயின் அதன்மீது அரசுடைமையைக் காட்டும் அகன்ற அம்புக்குறி காணப்படும். ரிக்பி நிறுவனத்தின் .416 தோட்டா 1911இலும், ஹாலந்து அண்ட் ஹாலந்து நிறுவனத்தின் .375 மேக்னம் தோட்டா 1912இலும் வெளிவந்தன. இத்தோட்டாக்களுக்கென்றே அமைந்த துப்பாக்கி அவ்வாண்டுகளுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. 1907இல் இந்தியாவில் .450 அளவுத் துப்பாக்கிகள் தடைசெய்யப்பட்டமையால் .465, .470 போன்ற அளவுகள் பரவின என்பதும் காலக்கணிப்புக்கு உதவும் செய்தியாகும்.

நான்காவது சான்று வரிசை எண். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ரிக்பி, ஹாலந்து அண்ட் ஹாலந்து முதலிய நிறுவனங்கள் தங்கள் பழைய பேரேடுகளைப் பேணி வந்துள்ளன. வரிசை எண்ணைக் கொண்டு அவற்றில் தேடின், துப்பாக்கி முடிக்கப்பட்ட நாளும், அதன் அமைப்பும், வாங்கியவர் பெயரும் கிடைக்கக்கூடும்.

பேரேட்டில் இடம்பெறாதோர்

மேற்கூறிய நான்கு சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். செய்தவர், சோதித்தவர், விற்றவர், வாங்கியவர் என நால்வரைப் பற்றியும் அத்துப்பாக்கி நமக்குச் செய்தி தருகிறது. நால்வரும் பிரித்தானியச் சமூகத்தைச் சார்ந்தோர். அத்துப்பாக்கியைச் சுமந்து நடந்தவர், காட்டுக்குள் ஆரவாரம் செய்து விலங்கை வெளியே விரட்டியவர், வீழ்ந்த விலங்கைக் கட்டித் தூக்கி வந்தவர், எண்ணெய் பூசித் துடைத்து வைத்த பங்களா வேலையாள் ஆகியோரைப் பற்றி அந்த இரும்பில் ஒரு கீறலும் இல்லை.

வேட்டையில் தடம் கண்டு வழிகாட்டியோர் பெரும்பாலும் மலாய்க்காரரும் பழங்குடியினரும் ஆவர். தோட்டத்துப் பன்றி வேட்டையில் விலங்கை விரட்டும் பணி லயத்துத் தமிழரையும் சார்ந்தது. துரையின் நூலில் இவர்கள் 'கூலிகள்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப் போவர். அவர்தம் பெயர்களை மீட்டெடுக்க வாய்மொழிச் சான்றே எஞ்சியுள்ளது.

ஒரே பொருள், இரு தீர்ப்புகள்

துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை தோட்டத்தின் படிநிலையை ஒட்டியே அமைந்தது. 1902இல் தொடங்கிய மலாய் மாநிலத் தொண்டர் துப்பாக்கிப் படையில் ஐரோப்பியத் தோட்டக்காரர் பலர் சேர்ந்தனர். பின்னர் அமைந்த ஐக்கிய மலாய் மாநிலத் தொண்டர் படையின் மூன்றாம் அணி நெகிரி செம்பிலானுக்குரியது. 1942 சனவரியில் சப்பானியர் இம்மாநிலத்தைக் கைப்பற்றினர். துரைமார் நீங்கிய பங்களாக்களில் எஞ்சிய பொருள்கள் பல கைகளுக்கு மாறின.

16.6.1948 அன்று பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் அவசரகாலம் மலாயா முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. உரிமமின்றி ஆயுதம் ஏந்துவோர்க்கு மரண தண்டனை விதிக்க அவசரகால ஒழுங்குமுறைகள் இடமளித்தன. தோட்டத் துரைமாருக்கோ ஆயுதங்களும் காவலர்களும் வழங்கப்பட்டனர். சிறப்புக் காவலராகச் சேர்ந்தோருள் மிகப் பெரும்பான்மையர் மலாய்க்காரர்.

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மார்ச்சு மாதம் சிலாங்கூர் மாநிலத்து ரவாங் வட்டாரத்தில் கைது செய்யப்பட்டார். அவருயிரைக் காக்க இந்திய அரசாங்கம் விடுத்த வேண்டுகோள் பயனளிக்கவில்லை. 4.5.1949 அன்று புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவரிடமிருந்தது வேட்டைத் துப்பாக்கி அன்று; அவர் நெகிரி செம்பிலானைச் சார்ந்த தோட்டத் தொழிலாளரும் அல்லர். எனினும், துரையின் கையில் பொழுதுபோக்காகவும் தற்காப்பாகவும் மதிக்கப்பட்ட ஒரு பொருள், தொழிற்சங்கத் தலைவரின் கையில் உயிரைப் பறிக்கும் குற்றமாயிற்று என்பதை அவர் முடிவு தெளிவாக உணர்த்துகிறது. பங்களாச் சுவரில் தொங்கிய துப்பாக்கியை ஆராயும்போது இம்முரணை மறத்தல் கூடாது.

சேகரிப்பும் சட்டமும்

இங்கிலாந்தில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைத் தனியார் திரட்டுவதும் ஏலத்தில் வாங்குவதும் வழக்கம். நம் நாட்டில் நிலை வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலக் காவல்துறைத் தலைவரின் உரிமமின்றி எவரும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் ஆகாது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. ஆகவே, பழைய பங்களா இடிக்கப்படும்போது துப்பாக்கியோ தோட்டாவோ தென்படின், அதனைத் தொடாது காவல்துறைக்கு அறிவிப்பதே முறை. ஒப்படைத்த பின்னர், முத்திரைகளையும் வரிசை எண்ணையும் படமெடுக்க இசைவு கோரலாம். போர்ட்டிக்சன் தரைப்படை அருங்காட்சியகமும் கோலாலம்பூர் அரச மலேசியக் காவல்துறை அருங்காட்சியகமும் மாணவர் பழைய ஆயுதங்களை நேரில் கண்டு பயிலத்தக்க இடங்கள்.

துப்பாக்கியைச் சேர்த்தல் நம் பணியன்று; அதனைச் சுற்றியிருந்த வாழ்க்கையைச் சேர்த்தல் நம்மால் இயலும். துப்பாக்கியோடு துரைமார் நிற்கும் பழைய நிழற்படங்களின் ஓரங்களில் நிற்போர் யார்? பன்றி வேட்டைக்குச் சென்ற நாளில் கூலி கிடைத்ததா? இறைச்சி யார் யாருக்குப் பங்கிடப்பட்டது? 1942இல் பங்களாவைக் காத்தவர் யார்? 1948இல் லயத்தில் சோதனை எவ்வாறு நடந்தது? தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் மாணவர்வழி முதியோரிடம் இவ்வினாக்களை எழுப்புதல் பெரும்பயன் விளைவிக்கும்.

முடிவுரை

நீலாய், செண்டாயான், சிரம்பான் 2 ஆகிய இடங்களில் ரப்பர் நின்ற நிலங்கள் குடியிருப்புகளாகிவிட்டன. அவசரகாலம் தொடங்கியபோது சிறுவராய் இருந்தோரே இன்று எண்பது வயதைக் கடந்தவர்கள். லண்டன் பேரேடுகள் இன்னும் பல்லாண்டு நிலைத்திருக்கும். முதியோரின் நினைவுக்கு அவ்வுறுதி இல்லை. துப்பாக்கியின் வரிசை எண்ணைத் தேடும் உழைப்பில் ஒரு பகுதியையேனும் அதனைச் சுமந்தவரின் பெயரைத் தேடுவதில் நாம் செலவிடுவோமாயின், நெகிரி செம்பிலான் தோட்ட வரலாறு ஒருபக்கச் சார்பிலிருந்து விடுபடும்.