பத்தாம் சார்ள்ஸுக்கு வந்த ஒட்டகச்சிவிங்கி

1826ஆம் ஆண்டு ஒக்டோபரில் பிரான்சின் மார்செய் துறைமுகத்தை அடைந்த ஒரு கப்பலின் மேல்தளத்தில் துளையொன்று வெட்டப்பட்டிருந்தது. அதனூடாகக் கழுத்தை நீட்டி நின்றது ஓர் இளம் ஒட்டகச்சிவிங்கி. சூடானில் பிடிக்கப்பட்ட அக்குட்டியை மன்னர் பத்தாம் சார்ள்ஸுக்கு அனுப்பிவைத்தவர், எகிப்தின் ஆளுநர் முகம்மது அலி.

இது வெறும் அன்பளிப்பன்று. ஒட்டோமான் ஆட்சியை எதிர்த்துக் கிரேக்கர்கள் நடத்திய விடுதலைப் போரை ஒடுக்க அவரது படைகள் சென்றிருந்தன. ஐரோப்பாவிலோ கிரேக்கர்பால் அனுதாபம் பெருகிக்கொண்டிருந்தது. பிரான்சின் மனத்தைக் குளிர்விப்பதே நோக்கம்.

1827 மே 20ஆம் திகதி மார்செயிலிருந்து கால்நடையாகவே புறப்பட்ட அவ்விலங்கு, விலங்கியலாளர் ஜொஃப்ருவா செந்திலேரின் துணையுடன் ஏறத்தாழ 880 கிலோமீற்றர் நடந்து ஜூன் 30ஆம் திகதி பாரிஸை அடைந்தது. வழியில் அதற்குப் பாலூட்டப் பசுக்களும் உடன் நடந்தன.

அதன் உடலமைப்பு விந்தையானது. அத்தனை நீண்ட கழுத்திலும், நமக்கிருப்பதைப் போலவே, ஏழு எலும்புகள்தாம். வளர்ந்த விலங்கில் இதயத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்திலுள்ள மூளைக்குக் குருதியை ஏற்ற, மனிதரைப் போல் இருமடங்கு இரத்த அழுத்தம் வேண்டும். நீரருந்தக் குனியும்போது தலைக்குள் குருதி பாய்ந்துவிடாதபடி காப்பவை, மூளையின் அடியிலுள்ள நுண்குழாய் வலையும் கழுத்து நாளங்களின் அடைப்பிதழ்களும். கால்களை இறுக்கிப் பிடித்திருக்கும் தடித்த தோல், அங்கே குருதி தேங்காமல் தடுக்கிறது.

பாரிஸ் மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பெண்கள் அதன் பெயரால் கொண்டை முடிந்தார்கள். ஆனால் அரசியல் அசையவில்லை. 1827 ஒக்டோபர் 20ஆம் திகதி நவரினோ கடற்சமரில் எகிப்திய, ஒட்டோமான் கடற்படையைத் தகர்த்த கூட்டணியில் பிரெஞ்சுக் கப்பல்களும் இருந்தன. பரிசு பெற்ற மன்னரும் 1830இல் முடியிழந்தார்.

முகம்மது அலி இலண்டனுக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கி 1829இலேயே மாண்டது. பாரிஸில் வாழ்ந்ததோ 1845 வரை நிலைத்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல் லா ரொஷெல் நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முப்பது ஆண்டுகளில் ஒட்டகச்சிவிங்கிகளின் தொகை ஏறத்தாழ 40 சதவீதம் சரிந்ததால், 2016இல் அவை அழிவபாய நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டன. காடழிப்பு, வேட்டை என்பவற்றுடன் ஆபிரிக்காவின் உள்நாட்டுப் போர்களும் அதற்குக் காரணம். ஒரு போரின் பழியை மறைக்க அனுப்பப்பட்ட விலங்கின் இனத்தையே இன்று போர்கள் குறைத்துவருவதை, வரலாற்றின் கொடிய முரணாகவே நான் காண்கிறேன்.